பழைய ஃப்ரிட்ஜ் பின்னறைக்குப் போனால் மின்சாரம் மிச்சமாகுமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "புதிய ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டோம். 25 ஆண்டாக ஓடும் பழையது இன்னும் நன்றாகவே குளிர்கிறது. தண்ணீர் பாட்டில் வைக்க அதைப் பின்னறையில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். பழைய இரும்பு எடுப்பவர் ஒரு விலை சொல்கிறார், கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஓடுகிற பொருளைக் கழித்துக்கட்டவும் மனசு வரவில்லை. எதைச் செய்தால் மின்சாரம் மிச்சமாகும்?"

முதலில், பின்னறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். நேற்றுவரை ஒரு ஃப்ரிட்ஜ் ஓடிய வீட்டில் இன்றுமுதல் இரண்டு ஓடும். புதியது எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் மொத்தக் கணக்கு ஏறத்தான் செய்யும். "நாலு பாட்டில்தானே" என்று தோன்றும். ஆனால் ஃப்ரிட்ஜ் இழுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி நீங்கள் வைக்கும் பொருளுக்காகச் செலவாவதில்லை. சுவர் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் வெளிச்சூடு ராப்பகலாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது, அதை வெளியே தள்ளவே கம்ப்ரசர் ஓடுகிறது. காலியாகக் கிடந்தாலும் ஓடும். பின்னறை புழுக்கமாக இருந்தால் இன்னும் கூடுதலாக ஓடும்.

நன்றாகக் குளிர்கிறது என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். சுவருக்குள் இருக்கும் நுரைதான் சூட்டைத் தடுக்கிறது. வருடங்கள் போகப் போக அந்த நுரையில் அடைத்த கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, காற்றும் ஈரமும் உள்ளே ஏறிவிடும். குளிர் அதே குளிர்தான், ஆனால் அதைக் கொடுக்க கம்ப்ரசர் முன்பைவிட அதிக நேரம் ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் பிளக்கில் செருகும் மின் அளவியை மூன்று நாள் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாட் கணக்குப் போடக் கூடாது, கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். மூன்று நாளில் 7.5 யூனிட் காட்டினால் நாளுக்கு 2.5, ஆண்டுக்கு 900 யூனிட்டுக்கு மேல். புதியதின் லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட்டை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கணவரிடம் வேறு எதுவும் பேச வேண்டியிருக்காது.

ஓடுகிற பொருளைக் கழிக்க மனசு வராதது நியாயம்தான். ஆனாலும் ஒரு ஃப்ரிட்ஜைச் செய்ய ஆகும் சக்தியைவிட, அது ஆயுள் முழுக்க ஓடுவதற்கு ஆகும் சக்தி மிக அதிகம். 25 வயதான பெட்டியைப் பொறுத்தவரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஏழெட்டு வயதுள்ள ஃப்ரிட்ஜ் திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தால் அது பழையதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள், மேலே, கீழே, கீல் பக்கம் என்று நாலு இடத்திலும் பாருங்கள், கீல் பக்கம்தான் பலரும் பார்க்க மறப்பது. ரப்பரை மாற்றினால் போதும். பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி அப்பியிருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். சுவரோடு ஒட்டி நின்றால் சூடு வெளியேற ஒரு சாண் இடம் விடுங்கள். உறைபெட்டியில் பனி விரற்கடை கனத்துக்கு ஏறியிருந்தால் கரைத்துவிடுங்கள், கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள், குழாய் ஓட்டையாகும். இதையெல்லாம் செய்த பிறகு மறுபடி மூன்று நாள் அளந்து பாருங்கள். அப்புறம்தான் மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சே. உங்களுடையதற்கு இது பொருந்தாது, ரப்பரை மாற்றலாம், சுவருக்குள் இருக்கும் நுரையை மாற்ற முடியாது.

சரி, யாரிடம் கொடுப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் என்றாலே மறுசுழற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடையிலிருந்து தரகர் கைக்குப் போய், துடைத்து, பெயின்ட் அடித்து, கேஸ் நிரப்பி மறுபடி விற்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. அப்போது உங்கள் மீட்டரில் ஓடியது இன்னொருவர் மீட்டரில் ஓடும். விலை மலிவு என்று அதை வாங்குபவர் பெரும்பாலும் உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர். ஒவ்வொரு மாதமும் அந்த மின்கட்டணத்தை அவர் கட்டுவார். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்தாலும் இதே கதைதான்.

பழைய இரும்பு எடுப்பவர் வேறு விதம். அவருக்கு வேண்டியது செம்புக் குழாயும் கம்ப்ரசரும். குழாயை வெட்டுவார், "உஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும், உள்ளே குளிர்விக்க அடைத்திருந்த கேஸ் காற்றில் கலந்துவிடும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். உங்களுடையதைப் போன்ற பழைய பெட்டியில் ஆர்-12 என்ற கேஸ் இருக்கலாம். ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஒழிக்கச் சொன்ன கேஸ் இது. புவியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். ஒரு ஃப்ரிட்ஜில் 100 கிராம் இருந்தாலே ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதற்கு அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் அதுவும் ஆயிரம் மடங்குக்கு மேல் சூடாக்கும். எது என்று கம்ப்ரசரிலோ பின்பக்க லேபிளிலோ எழுதியிருக்கும்.

"கேஸ் எப்போதோ கசிந்துவிட்டதம்மா, வெட்டினால் ஒன்றும் ஆகாது" என்று ஒரு தரகர் சொல்வார். நம்பாதீர்கள். ஆர்-12 காலத்துப் பெட்டிகளில் குழாயில் இருப்பதைவிடச் சுவர் நுரையில்தான் கேஸ் அதிகம். சரியான ஆலையில் முதலில் குழாயிலிருந்து கேஸையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு பெட்டியை மூடிய அறைக்குள் அரைத்து, நுரையிலிருந்து வரும் கேஸையும் பிடிப்பார்கள். இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் சக்தியில் 5 சதவீதம்தான் ஆகும்.

இத்தனையும் இருந்தும், புதியது வாங்கினால் தள்ளுபடி தருகிற திட்டங்களில் எத்தனை, பழையது எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்கின்றன? எத்தனை புதியது விற்றது என்று எண்ணுவதோடு முடித்துக்கொண்டால் மிச்சம் எங்கிருந்து வரும்? எத்தனை பழையது உடைக்கப்பட்டது என்றல்லவா எண்ண வேண்டும்!

அதனால் நீங்களே கேளுங்கள். உரிமம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடமோ, பழையதைத் திரும்ப எடுக்கும் தயாரிப்பு நிறுவனத்திடமோ நேரடியாகப் பேசுங்கள். "மறுபடி விற்பீர்களா, உடைப்பீர்களா? நுரைக் கேஸையும் பிடிக்கிறீர்களா?" இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள். ஃப்ரிட்ஜின் சீரியல் எண் போட்ட ரசீது வாங்குங்கள். தரகர் கொடுப்பதைவிடக் கையில் கொஞ்சம் குறைவாக வரும், சில இடங்களில் எடுத்துப்போக நீங்களே கொடுக்க வேண்டியும் வரலாம். மிச்சமாகும் யூனிட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

வண்டி வரும்வரை பிளக்கைக் கழற்றி நிமிர்த்தியே வையுங்கள். கம்ப்ரசரை யாரையும் தொட விடாதீர்கள். கதவை இன்றைக்கே கீலோடு கழற்றிவிடுங்கள். விளையாட்டாக உள்ளே ஒளிந்த குழந்தைகள் கதவு மூடிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். கழற்ற முடியாவிட்டால் கதவுப் பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும்படி திருப்பிவைத்து, சுற்றிலும் கயிறு போட்டு இறுகக் கட்டுங்கள்.