கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி

வணக்கம்.

தக்கலை பக்கம் இருக்கிறேன். குமாரகோவிலில் ஐம்பது பேரோடு தாலி கட்டிக்கொண்டால் போதும் என்கிறாள் என் மகள். முட்டம் கடற்கரையில் போட்டோ எடுக்க மட்டும் இரண்டு நாள் வேண்டுமாம். என் கல்யாணத்துக்கு ஊரே வந்தது. இப்போது சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டில் எத்தனை பவுன் என்று கேட்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குக் கல்யாணத்தின் அருமை தெரியாதா?

எம்.

அன்புள்ள எம்.,

பவுன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் பெண்ணைக் கொடுக்காதீர்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாயிற்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். முட்டத்துப் பாறையில் நின்றால் யாருக்கும் ஆசை வரும்.

'ஊரே வந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, கொஞ்ச நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் அன்றைக்கு வேலை செய்ய வந்தது அம்மா.

அடியந்திரம், அதாவது வீட்டு விசேஷம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே ஆண்கள் ஆளுக்கொரு கத்தியோடு வந்துவிடுவார்கள். பந்தலில் பாய் விரித்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சேனை, வாழைக்காய், வெள்ளரி, புடலை, முருங்கை என்று குவிந்து கிடக்கும். சேனை அரிக்காமலிருக்கக் கையில் தேங்காயெண்ணெய். அவியலுக்கு விரல் நீளத்தில் நறுக்கவேண்டும், எரிசேரிக்குச் சதுரமாக. அளவு தப்பினால் சமையலுக்குத் தலைமையான தவசிப்பிள்ளை அந்தத் துண்டை எடுத்து நம் முன்னால் போட்டு, "இது அவியலுக்கா, மாட்டுக்கா?" என்பார். பின்கட்டில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்கள்.

வரப்புத் தகராறில் என் அப்பாவும் சித்தப்பாவும் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளவில்லை. அக்கா கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சித்தப்பா கத்தியோடு வந்து பாயில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "அந்தச் சேனைய இங்க தள்ளு" என்றார். தள்ளினார். சமாதானம் அவ்வளவுதான். உங்கள் குமாரகோவிலில் நடக்கிற வேளிமலை முருகன் கல்யாணத்தில்கூட வள்ளியின் ஆட்களான குறவர்கள் வழிமறித்துச் சண்டை போட்ட பிறகுதானே திருக்கல்யாணம்? சொந்தமென்றால் சண்டையும் உண்டு. அதைத் தீர்க்கச் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும், ஒரு முழு ராத்திரி வேண்டும்.

அந்தப் பாயில் எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பந்தலுக்கு ஓலை சுமந்து வந்தவர்கள் சாதியின் பெயரால் வெளியே நின்று, கடைசியில் சோறு வாங்கிப் போனார்கள். அது ஒழியட்டும். மண்டபத்தில் இன்று யார் பக்கத்திலும் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், அது பெரிய காரியம்.

ஆனால் கோபமாகவே கேட்கிறேன். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் கடைசியாகத் தேங்காய் துருவிக் கொடுத்தது எப்போது? மண்டபத்தில் முதல் பந்தியில் பிரதமன் பாயசம் சாப்பிட்டு, கவரைக் கையில் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். சமையலைக் காண்டிராக்டுக்கு விட்டது உங்கள் மகளா? நம் தலைமுறைதான். கவரோடு வந்து போகிற கூட்டத்தைத்தான் அவள் கல்யாணம் என்று பார்த்து வளர்ந்தாள். அது வேண்டாம் என்கிறாள். அவளைக் குறைசொல்ல எப்படி மனசு வந்தது?

கோவிலில் ஐம்பது பேரே இருக்கட்டும். முந்தின நாள் சாயங்காலம் வீட்டு முற்றத்தில் பாய் விரியுங்கள். அவியலுக்காவது காயை நீங்களே நறுக்குங்கள், மகளும் மாப்பிள்ளையும் உட்காரட்டும். முகத்தில் முழிக்கப் பயப்படுகிறீர்களே, அந்தச் சொந்தங்களின் வீட்டுக்கு நேரில் போய், கத்தியோடு வரச்சொல்லிக் கூப்பிடுங்கள்.