ஸ்பீச் ரெகக்னிஷன்ல, அதாவது பேச்சைக் கேட்டு கம்ப்யூட்டர் எழுத்தா மாத்தறதுல, நாக்கு, உதடு அசைவெல்லாம் எதுக்கு? சவுண்ட் மட்டும் போதாதா?

சவுண்ட் போதும்தான், ஆனா அதை எப்படி உடைச்சுப் பார்க்கிறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. "பணம் கொடு"ன்னு வேகமா சொல்லிப் பாருங்க, "பணங்கொடு"ன்னுதான் வரும். ஒவ்வொரு ஒலியையும் ஒரே துண்டா பார்க்கிற சிஸ்டத்துக்கு ம் போயி வேற ஒலி வந்துடுச்சு, அவ்ளோதான். ஆனா மூக்கு வழியா காத்து போகுதா, குரல்நாண் அதிருதா, வாயில எந்த இடம் அடைபடுதுன்னு தனித்தனியா பார்த்தா, மூக்கொலி அப்படியே இருக்கு, அதிர்வும் இருக்கு, அடைப்பு மட்டும் உதட்டுலேர்ந்து பின்நாக்குக்கு நகர்ந்திருக்கு, ஏன்னா அடுத்து க வருது.

இதுக்கு நாக்குல சென்சார் ஒட்டணும்னு கட்டாயம் இல்ல. அப்படி ஒட்டி எடுத்த டேட்டாவும் இருக்கு, எடின்பரோவுல எடுத்த மோச்சா-டிமிட்ங்கற பேச்சுத் தொகுப்புல 460 ஆங்கில வாக்கியம். ஆனா பெரும்பாலும் ஆடியோவை வச்சே மூக்கொலி, அதிர்வு, அடைப்புன்னு ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துக் கத்துக்கிற ப்ரோக்ராம்) ட்ரெயின் பண்ணுவாங்க. 1990கள் கடைசியில காத்ரின் கிர்ஷ்ஹாஃப்ங்கற ஆராய்ச்சியாளர் இப்படி செஞ்சு, சவுண்டை மட்டும் நேரா பார்க்கிற வழக்கமான அக்கூஸ்டிக் முறையோட சேர்த்தா இரைச்சல்ல பிழை குறையுதுன்னு காட்டினாங்க.

இப்ப டேட்டா கொட்டிக் கிடக்கிற மொழிகளுக்கு ஆடியோவுலேர்ந்து நேரா எழுத்துக்குப் போற எண்ட்-டு-எண்ட் மாடலே போதும், இந்த அம்சங்களைத் தனியா சேர்க்கிறதுல பெரிய லாபம் இல்ல. டேட்டா கம்மியான மொழிகளுக்கு இன்னும் ரொம்ப உபயோகம், உதட்டை மூடறது எந்த மொழியிலயும் உதட்டை மூடறதுதானே, அதனால ஒரு மொழியில கத்துக்கிட்டதை இன்னொண்ணுக்கு எடுத்துட்டுப் போகலாம்.