தாமஸ் பெயினின் ‘காமன் சென்ஸ்’ வாசகர்களை வென்றது தர்க்கத்தாலா, உணர்ச்சித் தூண்டலாலா?

ஆங்கில இலக்கிய மாணவர் ஒருவர், பருவத் தேர்வு நெருங்கும் வேளையில், ‘ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ்’ (சொல்பவர் மீதான நம்பிக்கை, உணர்ச்சி, தர்க்கம்) என்று மூன்று கட்டம் போட்ட தாளை முன்னால் வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் பேராசிரியன் அல்லன். ஓர் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன், பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதியவன். முறையாகப் படித்தவர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் ஒற்றைத் தாள் முந்நூறு பேரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியதைப் பார்த்தவன் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

1776 ஜனவரி 10 அன்று பிலடெல்பியாவில், அமெரிக்கா இங்கிலாந்திடமிருந்து பிரிய வேண்டும் என்று வாதாடிய அந்தச் சிறு நூல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தபோது, லெக்சிங்டனில் இங்கிலாந்துப் படையோடு நடந்த முதல் மோதலில் துப்பாக்கிகள் வெடித்து ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அப்போதும் இங்கிலாந்தின் அமெரிக்கக் குடியேற்றங்களில் பலர், அமைச்சர்களையும் நாடாளுமன்றத்தையும் திட்டிவிட்டு, மன்னர் நல்லவர், நம் குறை அவர் காதுக்கு எட்டவில்லை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். (எங்கள் ஆலையிலும் முதலாளி தங்கமானவர், மேனேஜர்தான் கெடுக்கிறார் என்று சொல்பவர்கள் கடைசிவரை இருந்தார்கள்.) பெயினை எழுதத் தூண்டிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷே, ‘விடுதலை’, ‘குடியரசு’ ஆகிய இரு சொற்களையும் எப்பாடுபட்டாவது தவிர்த்துவிடும்படி அவரை எச்சரித்திருந்தார். பெயினோ இங்கிலாந்தில் பெண்களின் இறுக்குக் கச்சை தைத்தவர், கலால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், அமெரிக்க மண்ணில் இறங்கிப் பதினான்கு மாதம்கூட ஆகாதவர். அவர் நேராக மன்னர் மீதே கை வைத்தார்.

தர்க்கம் அதில் இல்லை என்று சொல்பவர்கள் நூலின் பிற்பகுதியைப் படிக்காதவர்கள். ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றைக்கும் ஆள்வது அபத்தம், இயற்கை எங்கேயும் துணைக்கோளைக் கோளைவிடப் பெரியதாகப் படைத்ததில்லை என்ற வாதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது கப்பல் கணக்கு. இங்கிலாந்தின் கடற்படையை எதிர்த்து நிற்க முடியுமா என்று அஞ்சியவர்களுக்காக, முதலிரண்டு பதிப்புகளில் இல்லாத ஓர் அட்டவணையைப் பிற்பாடு சேர்த்தார். நூறு பீரங்கிகள் கொண்ட கப்பல் ஒன்றைக் கட்டிப் பாய்மரம், கயிறு முதலியவற்றோடு ஆயத்தம் செய்ய 35,553 பவுன். இங்கிலாந்தின் மொத்தக் கடற்படைக்கும் 35 லட்சம் பவுன். இங்கிலாந்தின் கடனோ 14 கோடிக்கு மேல், ஆகவே அந்தக் கடனில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதைப்போல் இரு மடங்கு கடற்படை நமக்குக் கிடைக்கும் என்று கணக்கை முடிக்கிறார். கணக்கெழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், அந்தக் கடைசி ஐம்பத்து மூன்று பவுனில்தான் சூட்சுமம் இருக்கிறது. முழு எண்ணை நம்பாத கடைக்காரர்கூடச் சில்லறையை நம்புவார். அப்படியானால் அந்த எண்ணை லோகோஸ் கட்டத்தில் எழுதுவீர்களா, ஈத்தோஸ் கட்டத்தில் எழுதுவீர்களா?

விவிலியமும் அப்படித்தான். மன்னர் வேண்டும் என்று கேட்ட இஸ்ரவேலரைத் தீர்க்கதரிசி சாமுவேல் கடிந்துகொண்ட கதையைப் பக்கம் பக்கமாக விரிக்கிறார். அந்த வாதம் நகைப்புக்குரியது என்று, பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ் நேரில் சொன்னபோது பெயின் சிரித்துவிட்டு, அதையெல்லாம் கவிஞர் மில்டனிடமிருந்து எடுத்தேன் என்றாராம், பழைய ஏற்பாட்டைப் பற்றி இளக்காரமாகவும் பேசினாராம். இதை ஆடம்ஸ் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார், அவருக்குப் பெயினைப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூன்று மாதத்தில் 1,20,000 படிகள் விற்றதாக உங்கள் நோட்ஸில் இருக்குமானால் அதற்கும் இதே எச்சரிக்கை உண்டு: அது பெயினே சொன்ன கணக்கு, ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். எத்தனை படி போனது என்று எழுதியவனிடம் கேட்கக்கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

என்னைப் பிடித்தது வேறொரு பத்தி. ‘வாருங்கள், இத்தனைக்கும் பிறகு மீண்டும் நண்பர்களாகிவிடுவோம்’ என்று இங்கிலாந்தோடு சமாதானத்தை நம்பியவர்களை நோக்கி அடுக்கடுக்காகக் கேட்கிறார்: உன் வீடு எரிந்ததா? உன் மனைவி மக்கள் படுக்கவும் இடமின்றி நிற்கிறார்களா? அவர்கள் கையால் பெற்றோரையோ பிள்ளையையோ இழந்தாயா? இழக்கவில்லை என்றால், இழந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உனக்கு உரிமையில்லை. இழந்த பிறகும் கொலைகாரர்களோடு கைகுலுக்குவாய் என்றால், கணவன், தந்தை, நண்பன் என்ற பெயர்களுக்கு நீ தகுதியற்றவன். உனக்கிருப்பது கோழையின் இதயம். துன்பப்படாதவன் பேசக்கூடாது, துன்பப்பட்டவன் மன்னிக்கக்கூடாது. நடுவில் நிற்க இடமே இல்லை.

எண்பதுகளின் இறுதியில், போனஸ் தகராறில் எங்கள் வேலைநிறுத்தம் முப்பதாவது நாளைத் தொட்டபோது ஒருவர் இருவராக உள்ளே போகத் தொடங்கினார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் அந்தப் பத்தியை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அன்றிரவு ஸ்டென்சிலில் இப்படி எழுதினேன்: “உன் வீட்டு அடுப்பு அணைந்ததா? அணையவில்லை என்றால் எங்களுக்குப் புத்தி சொல்லாதே. அணைந்த பிறகும் அந்த வாயிலுக்குள் நுழைகிறாய் என்றால் உனக்குத் தொழிலாளி என்ற பெயர் எதற்கு? உன் பெயர் கருங்காலி.” சைக்ளோஸ்டைலில் ஐந்நூறு படி உருட்டினோம். மறுநாள் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

நூற்புப் பிரிவில் எனக்கு ஆறு வயது மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். மகளின் பிரசவம் சிக்கலாகி மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததால் அதற்கு முன்பு மூன்று நாள் வேலைக்குப் போயிருந்தார், அது எனக்குத் தெரியும். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை நின்று படித்துவிட்டு, “தம்பி, இது எனக்கு எழுதினதா?” என்று கேட்டார். “பொதுவா எழுதினதுண்ணே” என்றேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் என்னைச் ‘சார்’ என்றுதான் அழைத்தார்.

போனஸ் சண்டையையும் புரட்சியையும் ஒரே தட்டில் வைக்கிறான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வைக்கவில்லை. வேலைநிறுத்தத்தை உடைப்பது சரி என்றும் சொல்லவில்லை, இன்றும் நான் சங்கத்துக்காரன்தான். பெயினின் ‘நீ’க்கு முகம் கிடையாது, பாஸ்டனில் படித்தவரும் சவானாவில் படித்தவரும் அது அடுத்தவரைப் பற்றியது என்று நினைத்துக்கொள்ளலாம். நான் அதே ‘நீ’யை எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டினேன்.

தேர்வுக்கு வருவோம். உங்கள் நோட்ஸ் அந்தப் பத்தியைப் பேத்தோஸ் கட்டத்தில் போட்டிருக்கும், அங்கேயே எழுதினால் மதிப்பெண் வரும். இடம் இருந்தால், அதன் எலும்புக்கூடு ‘இப்படியென்றால் இது, அப்படியென்றால் அது’ என்ற சுத்தமான தர்க்க வடிவம் என்பதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்துபவர் அடித்துவிட்டால் நான் பொறுப்பல்ல.