கசியும் வாய்க்கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் நீர்வழங்கல் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற பின் நானும் மனைவியும் தெற்கு ஸ்பெயினில், அல்புஹாரா மலைப்பகுதியில் வீடும் சிறு ஒலிவத் தோப்பும் வாங்கிக் குடியேறினோம். இரண்டு குளிர்காலங்கள் போய்விட்டன. வீட்டுக்குள் கடும் குளிர். மதியம் இரண்டு மணிக்குக் கடைகளை மூடிவிடுகிறார்கள். தெருவில் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். வீட்டுக்கு அழைப்பவர் யாரும் இல்லை. மண் வாய்க்காலில் பாதித் தண்ணீர் கசிந்து வீணாகிறது. பிளாஸ்டிக் குழாய் பதிக்கலாம் என்று பாசனக்காரர் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. தூர்வாரும் நாளில் என் பங்குக்குக் கூலிக்கு ஆள் அனுப்பினேன். இவ்வளவு செய்தும் அந்நியராகவே இருக்கிறோம். வீட்டை விற்றுவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

அந்த மலை வாய்க்கால்களைப் பற்றியே சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அதன் நடுவே வந்தது.

குளிரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சியரா நெவாடாவின் சரிவில் வீடு வாங்கினால் குளிரத்தான் செய்யும்; விறகைக் கோடையிலேயே வாங்கி அடுக்குங்கள். கடைக்குக் காலையில் போங்கள். வீட்டுக்கு அழைக்காததைப் பெரிதுபடுத்த வேண்டாம். அங்கே வீடு உறவினருக்கு. மற்றவர்களைச் சந்திப்பது சதுக்கத்திலும் மதுக்கடையிலும்தான்.

ஆனால் ‘வீணாகிறது’ என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். நீரையே தொழிலாகக் கொண்டிருந்தவர் நீங்கள். கசிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது அதன் பின்னால் நடந்து பார்த்தீர்களா? அசேக்கியா என்று அவர்கள் சொல்லும் அந்த வாய்க்கால்கள் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் உருவானவை. மலையுச்சியில் பனி உருகும்போது அந்த நீரைத் திருப்பி, நீரை உறிஞ்சும் பாறையும் மண்ணும் உள்ள இடங்களில் வேண்டுமென்றே இறங்கவிடுகிறார்கள். அது மலைக்குள் மெதுவாக இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்து, கீழே ஊற்றாக வெளிவருகிறது. மழையே பெய்யாத கோடையில் உங்கள் தோட்டத்துக்கு வரும் தண்ணீரில் வசந்தத்தில் மேலே கசிந்ததும் உண்டு. கிராமத்துக்கு அருகிலுள்ள வாய்க்கால்களும் கசிகின்றன. கரையோரத்துச் செஸ்நட் மரங்கள் அதைக் குடித்துத்தான் நிற்கின்றன. குழாய் பதித்தால் உங்கள் தோப்புக்குக் கூடுதல் நீர் வரும். வாய்க்காலுக்குக் கீழே மரங்கள் காயும், அடுத்த ஊரின் ஊற்று இளைக்கும். உங்கள் கணக்கில் அந்த ஊருக்கு ஒரு வரி இருந்ததா? கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்னார்வலர்களைத் திரட்டி, கைவிடப்பட்ட வாய்க்கால்களை இப்போது மண்வெட்டியால் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மூடச் சொல்கிறீர்கள்!

அந்நியர் என்கிறீர்கள். 1568இல் அங்கே மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களும் அவர்கள் வழிவந்தவர்களும், கலகம் செய்தார்கள். அது ஒடுக்கப்பட்டபோது அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிவிட்டு, வெறுமையான ஊர்களில் கலீசியா, லியோன் போன்ற வடபகுதிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். மழைநாட்டுக்காரர்கள், மலைச்சரிவில் முறை வைத்து நீர் பாய்ச்சத் தெரியாதவர்கள். பலர் தாங்க முடியாமல் திரும்பிப் போனார்கள். தங்கியவர்கள், விரட்டப்பட்டவர்கள் வெட்டிய வாய்க்காலைப் பேணக் கற்றுக்கொண்டதால்தான் தங்கினார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் அண்டைவீட்டாரில் அப்படித் தங்கியவர்களின் வழிவந்தவர்கள் இருக்கக்கூடும்.

உங்கள் பக்கத்து ஓர்கிவா என்ற ஊருக்கு மேலே உள்ள ஒரு கிராமத்தில் நான் தங்கியிருந்தபோது தூர்வாரும் நாள் வந்தது. மண்வெட்டியைத் தூக்கவே முடியாத ஒரு முதியவர் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்திருந்தார். காட்டுப்பன்றி எந்தக் கரையைக் கிளறியிருக்கிறது, எந்த மடை யாருடையது, எங்கே கல்லைப் புரட்டக் கூடாது என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வராமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களும் கூலிக்கு ஆள் அனுப்பியதில் தப்பு ஏதும் இல்லை. ஆனால் அந்த ஊரில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளக் கிடைத்த நாளை நீங்கள் காசு கொடுத்துத் தவிர்த்துவிட்டீர்கள்.

நண்பரே, உங்கள் வலி புரிகிறது. வாழ்நாளெல்லாம் கற்ற வித்தையைக் கையில் ஏந்திப் போய்க் கொடுத்தீர்கள், வாங்க ஆளில்லை. அந்த வித்தைக்கும் இடம் இருக்கிறது. மண்சரிந்து கரை நிற்காத இடங்களில் அவர்களே குழாய் போடுவதுண்டு. எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதை வாய்க்காலோடு நடப்பவர்களிடம் கேளுங்கள். அதன் பிறகு கணக்கை எடுங்கள்.

அடுத்த தூர்வாரலுக்கு நீங்களே போங்கள். முதுகு வளையாவிட்டால் ரொட்டி கொண்டு போங்கள்.

வீட்டை விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடிதம் முழுவதும் தேடிப் பார்த்தேன், உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரு வரி இல்லை. அதை அவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.