வெஸ்ட் ஹைலேண்ட் வே: ஏரிக்கரை நடை ஏன் மலை ஏறுறத விட கஷ்டமா இருக்கு?

முதல்ல, லாங் டிஸ்டன்ஸ் ஹைக்னா குறி போட்ட ஒரே பாதையில பல நாள் நடக்குறது, ராத்திரி வழியில இருக்குற ஊர்லயோ டென்ட்லயோ தங்கிக்கலாம். ஸ்காட்லாந்துல 1980ல திறந்த வெஸ்ட் ஹைலேண்ட் வே 154 கிலோமீட்டர், கிளாஸ்கோ பக்கத்துல மில்கைல ஆரம்பிச்சு ஃபோர்ட் வில்லியம்ல முடியும், பொதுவா ஒரு வாரம் ஆகும்.

இதுல லோமண்ட் ஏரியோட கிழக்குக் கரையில வடக்கு பாதிதான் ஆளப் படுத்தும். காரணம், பனியுகத்துல பனியாறு இந்தப் பள்ளத்தாக்க ஆழமா தோண்டிட்டுப் போயிருச்சு. ஐஸ்கிரீம் டப்பால கரண்டி விட்டு நீளமா வழிச்சா பள்ளத்தோட ரெண்டு பக்கமும் செங்குத்தா நிக்கும்ல, அதே மாதிரிதான், மலைச்சரிவு நேரா தண்ணிக்குள்ள இறங்குது, சமதளமான கரைன்னு ஒண்ணு பெருசா இல்ல, அதனால பாறை மேலயும் மர வேர் மேலயும் கை ஊன்றி ஏறி இறங்கிட்டே போகணும், மழை பெஞ்சிருந்தா வழுக்கும் வேற.

ஆனா பாதையிலயே உயரமான டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ், சுமார் 550 மீட்டர், 18ஆம் நூற்றாண்டுல ராணுவம் வளைச்சு வளைச்சு போட்ட ரோடு, மூச்சு வாங்குமே தவிர கால் வைக்க இடம் நல்லாவே இருக்கும். எனக்கு இந்தப் பாதையில ரொம்பப் பிடிச்சதே இந்த வித்தியாசம்தான்.

பிரிட்டன்லயே உயரமான மலை பென் நெவிஸ், அதோட உச்சியும் இதுல சேர்த்தின்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, இல்ல, பாதை அதோட அடிவாரத்த ஒட்டிப் போய் ஊருக்குள்ள முடிஞ்சிரும்.