மிளகு நாற்றுக்கு வேம் (வேர்ப்பூஞ்சை உரம்) போட்டும் பலன் இல்லையே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெடுங்கண்டத்தில் மிளகு நாற்று போட்டு விற்கிறோம். வேரில் குடியிருக்கும் பூஞ்சைக்கும் செடிக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை டோபி கீர்ஸ் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு இந்த வருஷம் நாற்றுப் பைக்கு ஒரு டீஸ்பூன் வேம் (VAM, அந்தப் பூஞ்சை உள்ள உயிர் உரம்) மேல்மண்ணில் தூவினேன். வழக்கம்போல் டிஏபி உரக் கரைசல் விட்டேன், துரித வாட்டத்துக்கு (கொடி திடீரென வாடிச் சாகும் நோய்) பயந்து கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஊற்றினேன். வேம் போட்ட பைக்கும் போடாத பைக்கும் வித்தியாசமே இல்லை. வட்டவடையில் முட்டைக்கோசுக்குப் போட்ட என் மச்சானும் இதையேதான் சொல்கிறார். ஆராய்ச்சி வேறு, தோட்டம் வேறு என்று விட்டுவிடலாமா?

மு., நெடுங்கண்டம்

அன்புள்ள மு.,

விட்டுவிட வேண்டாம். அந்த ஆராய்ச்சி சொன்னபடிதான் உங்கள் பையிலும் நடந்திருக்கிறது.

கீர்ஸ் குழு 2011இல் வெளியிட்ட சோதனையில், பயறு குடும்பத்துச் செடி ஒன்றின் வேரில் மூன்று பூஞ்சை இனங்களை ஏற்றி, கார்பனுக்கு அடையாளமிட்டு அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அதிகம் கொண்டுவந்த பூஞ்சைக்குச் செடி அதிகச் சர்க்கரை கொடுத்தது. சர்க்கரை அதிகம் கொடுத்த வேருக்கே பூஞ்சையும் மணிச்சத்தை அதிகம் விட்டது. இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கின்றன.

இப்போது உங்கள் டிஏபிக்கு வருவோம். அதில் 46 சதவீதம் மணிச்சத்து. மணிச்சத்துப் பசி உள்ள வேர்தான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அது பட்டதும் பூஞ்சை இழை கிளைத்து வேரைத் தேடும். 2005இல் ஜப்பானில் அகியாமா குழு இதைக் கண்டுபிடித்தது. கரைசலாகவே மணிச்சத்து கிடைக்கும்போது அந்தக் கசிவு குறைந்துவிடும், பூஞ்சையை வேர் உள்ளே விடாது. சும்மா சாப்பாடு போட அது என்ன சத்திரமா? நாற்றங்காலில் டிஏபியை நிறுத்துங்கள். மணிச்சத்து தேவையென்றால் ராக் பாஸ்பேட் கொஞ்சம் போதும், உங்கள் புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரையும்.

கார்பன்டாசிம் இன்னும் மோசம். அது வேமைக் கொல்லும். நீங்கள் பயப்படும் துரித வாட்டத்தைக் கொண்டுவரும் பைட்டோப்தோராவையோ தொடவே தொடாது. பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சை வகையே இல்லை, அதனால் இந்த மருந்து அதனிடம் எடுபடுவதில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே கொன்றிருக்கிறீர்கள். வாட்டத்துக்கு மெட்டலாக்சில் உள்ள மருந்து பாருங்கள். அது வேமைப் பெரிதாகப் பாதிக்காது.

அளவும் இடமும் அடுத்த விஷயம். கோழிக்கோடு நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையில், மண், மணல், தொழு உரம் 2:1:1 கலவை கிலோவுக்கு வேம் 100 சிசி, டிரைகோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) 1 கிராம். நூறு சிசி என்றால் அரை டம்ளர். உங்கள் டீஸ்பூன் எந்த மூலைக்கு? (செறிவு கூடிய பொடி என்றால் பாக்கெட்டில் போட்ட அளவைப் பாருங்கள்.) மேலே தூவினால் இளவேர் அதைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். பையில் பாதிக் கலவை நிரப்பி, தண்டின் கணு உட்காரும் இடத்தில் வேமைப் போட்டு, அதன்மேல் தண்டை வையுங்கள். வேம் உயிருள்ள சரக்கு. யூரியா மூட்டையோடு தகரக் கொட்டகையில் வைக்கக் கூடாது.

பிடித்ததா இல்லையா என்பதை இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, வேரைச் சாயமேற்றித்தான் பார்க்க வேண்டும். ஆறேழு வாரம் கழித்து ஒரு நாற்றைப் பிடுங்கி, நூல் போன்ற வேர்களை மட்டும் கழுவி ஒரு சென்டிமீட்டராக நறுக்குங்கள். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேர் கண்ணாடிபோல் வெளுக்கும்வரை கொதிக்க வையுங்கள். கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரித்துவிடும். நன்றாக அலசிய பிறகு, வெள்ளை வினிகர் 95 மில்லியில் கறுப்புப் பேனா மை 5 மில்லி கலந்து மூன்று நிமிஷம் கொதிக்க விடுங்கள். வினிகர் சொட்டிய தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறினால் மிச்ச மை போய்விடும். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் நூறு மடங்கில் வேருக்குள் கறுத்த பைகளும், குட்டி மரம்போல் கிளைத்த அமைப்புகளும் தெரிந்தால் வேம் பிடித்திருக்கிறது. இழையில் வரிசையாகக் குறுக்குச் சுவர் தெரிந்தால் அது வேறு பூஞ்சை, ஏமாந்துவிடாதீர்கள். வேம் போடாத பையிலிருந்தும் ஒரு வேரைப் பாருங்கள். அதிலும் சமமாக இருந்தால் உங்கள் மண்ணிலேயே இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை.

மச்சான் விஷயம் சுலபம். முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம், இந்தப் பூஞ்சையோடு சேராது. எவ்வளவு கொட்டினாலும் வீண். அவர் கேரட்டும் பூண்டும் வைக்கும் பாத்தியில் போடட்டும். கோசு எடுத்த பாத்தியில் பூஞ்சை குறைந்திருக்கும், அதனால் அங்கே அடுத்துப் பூண்டு வைத்தால் முதலில் அதற்கே போடச் சொல்லுங்கள்.