சேஜ்பிரஷ் பள்ளத்தாக்குகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நெவாடாவில் காரில் போனபோது மணிக்கணக்காக ஒரே சாம்பல் நிறப் புதர். மழை தூறியதும் மரிக்கொழுந்து மாதிரி வாசனை. கடையில் விற்கிற சேஜ் இதுதானா? சமையலில் போடலாமா?
– வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: உங்கள் மூக்கு தப்புச் சொல்லவில்லை. மரிக்கொழுந்தும் சேஜ்பிரஷும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம். கடையில் வாங்கும் சேஜ் வேறு. அது சால்வியா, துளசிக் குடும்பம். சேஜ்பிரஷ் இலையில் கற்பூர நெடியும் கடுங்கசப்பும் உண்டு. சட்டியில் போட வேண்டாம்.

கேள்வி: அங்கே பள்ளத்தாக்கின் நடுவில் வெறும் வெள்ளைத் தரை, அதன் ஓரத்தில் பளிச்சென்ற பச்சைப் புதர், சரிவில்தான் சாம்பல் புதர். எல்லாம் ஒரே மழைதானே, ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறது?
– வாசகர், சேலம்

பதில்: மழை ஒன்றுதான், மண் ஒன்றல்ல. நெவாடாவும் அதைச் சுற்றிய நிலமும் அடங்கிய கிரேட் பேசின் பகுதியில் விழும் தண்ணீர் கடலுக்குப் போவதில்லை. மலையிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கி ஆவியாகிறது, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்த வெள்ளைத் தரைக்கு பிளாயா என்று பெயர். அதன் ஓரத்தில் நீங்கள் பார்த்த முள்ளுள்ள பச்சைப் புதர் கிரீஸ்வுட். இலை சதைப்பற்றாக, உப்புக்கரிக்கும். கிரீஸ்வுட் அடர்ந்திருந்தால் நிலத்தடி நீர் வேருக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது, மண் உவர் என்று அர்த்தம். உவரும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் ஷாட்ஸ்கேல் என்ற புதர் வரும்.

உப்பு குறைந்து தண்ணீர் வடியும் சரிவில்தான் சேஜ்பிரஷ் தொடங்குகிறது. அதிலும் வகை உண்டு. ஆண்டுக்கு 200 முதல் 300 மி.மீ. மழைபெறும் வறண்ட சரிவில் வயோமிங் வகை, இடுப்பளவு உயரம். ஓடையோர ஆழமான வண்டலில் பேசின் வகை, ஆளை மறைக்கும். நெட்டையான சேஜ்பிரஷ் நின்றால் உழவுக்கேற்ற நல்ல மண் என்று கணித்துத்தான் குடியேறிகள் அந்த நிலங்களை உழுதார்கள். ஆழமில்லாத சரளை மண்ணில் முழங்காலளவு குட்டை வகைகள். உயரமான, குளிர்ந்த இடத்தில் மலை வகை.

மலை வகையைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை: இலையைக் கசக்கிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு, இருட்டில் நீள் அலை புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். மலை வகை பளிச்சென்று நீலமாக ஒளிரும். பேசின், வயோமிங் வகைகள் மங்கலாகவே இருக்கும்.

கேள்வி: ஐடஹோவில் எங்கள் 2 ஏக்கர் நிலம் கோடையில் எரிந்துவிட்டது. மறு ஏப்ரலில் சேஜ்பிரஷ் விதை வாங்கி, மண்ணைக் கிளறி மூடிவிட்டோம். எதுவும் முளைக்கவில்லை. இப்போது சில சாம்பல் புதர்கள் தானாகத் துளிர்க்கின்றன. காத்திருந்தால் போதுமா?
– வாசகர், பாய்சி

பதில்: துளிர்ப்பது பெரும்பாலும் ரேபிட்பிரஷ். அடித்தூரிலிருந்து மீண்டும் கிளைக்கும், இலை கோடு மாதிரி, இலையுதிர் காலத்தில் மஞ்சள் பூ. சேஜ்பிரஷ் இலைக்கு நுனியில் மூன்று பல் இருக்கும். பெரிய சேஜ்பிரஷ் (வயோமிங், பேசின், மலை வகைகள் அடங்கிய இனம்) எரிந்தால் எரிந்ததுதான். தூரிலிருந்து துளிர்க்காது, விதை வந்தாக வேண்டும். அதுவும் தாய்ச் செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால் சும்மா காத்திருந்தால் உங்கள் ஆயுளுக்குள் நிலம் நிறையாமலும் போகலாம்.

உங்கள் விதைப்பில் இரண்டு தவறு. ஒன்று, மூடியது. விதை தூசி போன்றது, கிலோவுக்குச் சுமார் 40 லட்சம். 5 மி.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் மேலே வர அதற்குச் சக்தியில்லை. இரண்டு, ஏப்ரல். பனி உருகும் ஈரத்தில் முளைக்க வேண்டிய விதை அது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள், பனி விழுமுன்போ பனியின் மேலேயோ தூவுங்கள். பனியில்லாத தரையானால் உருளை ஓட்டி அழுத்தினால் போதும்.

வாங்கும்போது பையின் எடையைப் பார்க்காதீர்கள், பையிலுள்ள விதைச் சோதனைச் சீட்டைப் பாருங்கள். ஏக்கருக்கு 80 கிராம் தூய, உயிருள்ள விதை என்று கணக்கு வைத்தால் 2 ஏக்கருக்கு 160 கிராம். ஆனால் பையில் பெரும்பகுதி உமியும் இலைத்தூளும்தான். தூய்மை 15 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் என்றால் உயிருள்ள விதை 12 சதவீதமே. அதாவது பை எடையில் சுமார் 1.3 கிலோ வேண்டும். சாதாரண அறையில் வைத்த விதை ஓரிரு ஆண்டில் முளைப்பை இழக்கும், எனவே சோதனைத் தேதி முக்கியம். உங்கள் வறண்ட நிலத்துக்கு வயோமிங் வகை என்று கேட்டு வாங்குங்கள். மலை வகை வந்தால் வறட்சியில் போய்விடும்.

இதையெல்லாம் செய்தும் தோற்க வைப்பது சீட்கிராஸ். யுரேசியாவிலிருந்து வந்த ஓராண்டுப் புல். இலையுதிர் மழையில் முளைத்து, குளிர் முழுக்க வேர்விட்டு, சேஜ்பிரஷ் நாற்று தலைகாட்டும்போது மேல்மண் ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். ஜூனில் காய்ந்து தீக்குத் தீனியாகும். அக்டோபர் மழைக்குப் பின் தரையில் குனிந்து பாருங்கள்: பச்சைப் பாய் விரித்தாற்போல் இருந்தால் அந்த ஆண்டு சேஜ்பிரஷ் விதையை வீணாக்க வேண்டாம். முதலில் சீட்கிராஸை அடக்குங்கள். பிறகு உள்ளூர்ப் பல்லாண்டுப் புற்களை, உதாரணமாக புளூபன்ச் வீட்கிராஸ், ஸ்குவிரல்டெய்ல் போன்றவற்றை, இடைவெளி விட்டு விதையுங்கள். கிரெஸ்டட் வீட்கிராஸ் என்ற புல் மலிவு, சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அடர்த்தியாக விதைத்தால் அதுவே சேஜ்பிரஷ் நாற்றை நெரித்துவிடும்.